ஆட்காட்டி வீட்டுக்குப் பேர் வந்தது எப்படி

பறவைக்கும் மனுஷனுக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆவாரங்குளத்தில் தண்ணீருக்கு முன்னால் பேர்தான் போகும். மடை திறக்கிற நாளில், ஊருக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற நீர்பாய்ச்சி சங்கிலி குளத்துக் கரைமேல் ஏறி நின்று, ஒவ்வொரு வீட்டுப் பேராகக் கூப்பிடுவார். "மயில் வீடு!" என்றால் மயில் வீட்டுக்காரர்கள் தங்கள் வாய்க்காலைத் திறந்துகொள்ளலாம். "குதிரை வீடு!" என்றால் அவர்கள் திறக்கலாம். பேர் கூப்பிடாத வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தொடவே கூடாது.

இந்தப் பேரை அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது. ஏதாவது ஒரு மிருகமோ பறவையோ ஊரார் முன்னால் வந்து, அந்த வீட்டாரின் நிலத்தில் நின்று, "இது என் வீடு" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதன் பேர் அந்த வீட்டுக்கு வந்துவிடும். அதன்பிறகு அங்கே பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பேரைத் தங்கள் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டுதான் ஊருக்குள் நடமாடுவார்கள்.

வெள்ளத்தாய்க்கு அப்படி ஒரு பேர் இல்லை. அவளும் அவள் புருஷனும் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். கடைமடையில் கிடந்த பொட்டலைக் கொத்திக் கொத்தி வயலாக்கினார்கள். நெற்பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டுகிற நேரத்தில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். கைக்குழந்தையும் அந்த வயலும்தான் மிச்சம். இதுவரை மழையிலேயே பயிர் வளர்ந்துவிட்டது. இனி ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் வெளியே வரும். பாயாவிட்டால் வைக்கோல்தான்.

அவள் சங்கிலியிடம் போய்க் கேட்டாள்.

"நான் என்ன தாயி செய்ய? பேர் இருந்தாத்தானே கூப்பிடுவேன்" என்றார் அவர். "நாளைக் காலையில மடை திறக்கேன். அதுக்குள்ள ஒரு சாட்சியைக் கூட்டிட்டு வா."

பக்கத்து வயல்காரர் காளை வீட்டுப் பெரியாண்டிக்கு இதைக் கேட்டதும் ஒரே சிரிப்பு. வெள்ளத்தாய்க்குச் சேராத தண்ணீர் இத்தனை காலமும் அவர் வயலில்தான் பாய்ந்துகொண்டிருந்தது. "பேரு என்ன, சந்தையிலயா விக்குது? பேசாம வயலை எனக்கு விட்டுட்டு வந்த வழியே போயிரு" என்றார்.

"போறதுக்கா வந்தேன்?" என்று கேட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

முதலில் மயிலைக் கேட்டாள். ஒரு வீட்டுக்குப் பேர் கொடுத்ததிலேயே தோகை கனத்துப்போனதாக அது சலித்துக்கொண்டது. கொக்கு யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றது. அது இன்னும் யோசிக்கிறது. நரி மட்டும் கேட்டவுடனே சரி என்றது. ஆனால் நரி வீட்டில் நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள் என்று நினைத்து, அவளே வேண்டாம் என்று திரும்பிவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் வயலோரத்துக் கருவேல மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். அந்த மரத்தின் உச்சியில் ஒரு பறவை குடியிருந்தது. நீளமான மஞ்சள் கால், சிவந்த மூக்கு. பயந்த சுபாவம். அது வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை, அதனால் அதற்கு ஒரு பேர் வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

"நீயாவது வாயேன்" என்றாள் வெள்ளத்தாய்.

பறவை காதோடு சொல்வது போலப் பேசியது. "எனக்கே பேர் கிடையாதுக்கா. நான் எங்கிருந்து குடுக்க? நாலு பேரைக் கண்டாலே எனக்குத் தொண்டை அடைச்சுக்கிடும். முட்டை விடுற நேரம் வேற."

"பேர் இல்லாம இருக்கிறது எப்படின்னு உனக்குத்தான் தெரியும். அதனாலதான் உன்னைக் கேக்கேன்" என்றாள் அவள். "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. என் பிள்ளையும் அது பிள்ளையும் உன்னை விட்டுக்குடுக்காது. யார் வந்தாலும் வராட்டாலும் நாளைக்கு நான் அந்த மடையில நிப்பேன்."

அதற்குமேல் அவள் கெஞ்சவில்லை. எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை ஊர் கூடியது. எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, சங்கிலி கரையிலிருந்து இறங்கிக் கடைமடைக்கு வந்தார். ஊரும் பின்னாலேயே வந்தது. வெள்ளத்தாய் மண்வெட்டியோடு தன் வாய்க்கால் வாயில் நின்றாள்.

"சாட்சி எங்க தாயி?"

அவள் கருவேல மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பறவை இறங்கி வந்தது. வயலின் மேட்டில், புல் பூண்டு இல்லாத வெறும் மண்ணில் நின்றது. ஊரே தன்னைப் பார்ப்பதைக் கண்டது. மூக்கைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. காற்றுதான் வந்தது.

பெரியாண்டி தொடையைத் தட்டிச் சிரித்தார். "பேர் இல்லாத வீட்டுக்கு ஊமைக் குருவி சாட்சி! அது மரத்துல இருக்கிற சாதி. கீழ இருக்கிற நிலத்துல அதுக்கு என்ன பாத்தியதை?"

வெள்ளத்தாய் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பறவை அவளைப் பார்த்தது. பிறகு காலால் இரண்டு கல்லை ஒதுக்கியது, அந்த வெறும் தரையில் உட்கார்ந்தது. அது எழுந்தபோது அங்கே ஒரு முட்டை கிடந்தது.

"முட்டை போட்டாப் போதுமா? முட்டையா பேசும்?" என்று பெரியாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார். அவர் கால் முட்டைக்கு நேராக வந்தது.

அப்போது அந்தப் பறவை கத்தியது. அப்படியொரு கத்தலை ஆவாரங்குளம் அதுவரை கேட்டதில்லை. "என் வீடு! என் வீடு! ஆள் வாரான்! ஆள் வாரான்!" என்று அவர் தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து வட்டமிட்டது. பெரியாண்டி தலையைப் பொத்திக்கொண்டு தன் வயலுக்குள் போய் விழுந்தார். பக்கத்து ஊரிலிருந்துகூட ஆட்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

சங்கிலிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "சொல்லிட்டதுப்பா, ஊர் கேக்கச் சொல்லிட்டது! வாற ஆளைக் காட்டிக் குடுத்துட்டதே. இனி அதுக்குப் பேரு ஆட்காட்டி" என்றார். விறுவிறுவென்று வாய்க்கால் கரைமேல் ஏறி, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

"ஆட்காட்டி வீடு!"

"இருக்கேன்!" என்று சொல்லிக்கொண்டே வெள்ளத்தாய் மண்வெட்டியைப் போட்டு வாய்க்காலைத் திறந்தாள். தண்ணீர் கலங்கலாக உள்ளே நுழைந்தபோதுதான் அவள் அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

தண்ணீர் பாய்ந்ததும் பறவையிடம் வந்தாள். "இனி நீ மரத்துக்குப் போகலாமே" என்றாள்.

"முட்டை இங்கதானே கிடக்கு" என்றது ஆட்காட்டி. "நான் மேல போயிட்டா, இது யார் வீடுன்னு மறுபடியும் கேப்பானுவ. இருந்துக்கிடுதேன்."

அந்த வருஷம் அறுவடை முடிந்து உழவு வந்தபோது, வெள்ளத்தாய் அந்த மேட்டை மட்டும் உழாமல் சுற்றிப் போனாள். ஆட்காட்டி வீட்டார் யாரும் இன்றுவரை பறவை முட்டையிட்ட இடத்தில் ஏர் வைப்பதில்லை. பேருக்கு முன்னால் என்ன போட வேண்டும் என்று யாராவது கேட்டால் அவர்கள் குரலைத் தாழ்த்துவதும் இல்லை.

மரத்தை விட்டு இறங்கிய ஆட்காட்டி பிறகு ஏறவே இல்லை. அன்று தொடங்கியதுதான், அது வெறும் தரையில் முட்டையிடுவதும், அந்தப் பக்கம் யார் போனாலும் தலைக்குமேல் பறந்து கத்துவதும். நாம் சும்மா வழியோடுதான் போகிறோம். அதற்கோ, யாரோ மறுபடியும் இது யார் வீடு என்று கேட்க வந்துவிட்டார்கள்.