மூன்றாம் நாள் சாப்பாடு

விடிந்தால் ஈஸ்டர். சபைச் செயலாளர் பாக்கியநாதனோ கோயில் மணிக்கயிற்றைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு சபைப் போதகரான ஐயரை மறித்து நின்றார்.

"வெள்ளி சாயங்காலம் இயேசுவுக்கு அடக்கம், ஞாயிறு விடியக்காலம் உயிர்ப்பு. மூணாம் நாள் உயிர்த்தார்னு சொல்லுதீங்க, நாப்பது மணி நேரம்கூட ஆகலையே! மூணு நாள்னா எழுபத்திரண்டு மணி நேரம். இதுக்குப் பதில் சொல்லாம நாளைக்கு யாரும் மணி அடிக்கக் கூடாது."

ஐயர் வேதாகமத்தைப் புரட்டிப் புரட்டி வியர்த்துப்போனார். கூடிநின்ற சனம் முணுமுணுத்தது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற அருமைநாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"ஐயா, போன ஐப்பசியில ஒங்க அப்பாவுக்குக் குழி வெட்டுனது நான்தான?"

"ஆமா, அதுக்கென்ன?"

"வெள்ளி சாயங்காலம் அடக்கம் பண்ணுனோம். மூணாம் நாள் ஜெபம் என்னைக்கு வச்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை..." என்ற பாக்கியநாதனின் குரல் பாதியில் இறங்கியது.

"ஊருக்கே சாப்பாடு போட்டீங்க, நானும் ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னேன். ஆனா ஒங்க எழுபத்திரண்டு மணிக் கணக்குப்படி மூணு நாள் முடிஞ்சது திங்கக்கிழமை சாயங்காலம்லா? அப்போ அந்தச் சாப்பாடு செல்லாது. மறுபடி இலை போடுதீங்களா, இல்ல கயித்தக் குடுக்கீங்களா?"

சனம் சிரித்த சிரிப்பில் கயிறு கைமாறியது.