இரண்டு வாக்கி டாக்கிகளுக்கு நடுவே

நிலச்சரிவில் மலைப்பாதை அறுந்துபோனபோது, மீட்புக்கு வந்த இராணுவத்தார் நான்கு வாக்கி டாக்கிகளை விட்டுச் சென்றனர். ஒன்று கிழக்குச் சரிவில் கருங்கால்காடு என்னும் சிற்றூருக்கு. ஒன்று மேற்கு அடிவாரத்து மருத்துவமனைக்கு. நடுவே மலை. ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் எட்டாது. ஆகவே மற்ற இரண்டும் உச்சியிலிருந்த மடத்துக்கு வந்தன. அவ்விரண்டையும் இணைத்துவிட்டால், ஒன்று கேட்பதை மற்றது தானே எடுத்தனுப்பும். இணைக்கும் கேபிள்தான் இல்லை.

மடத்தின் தலைவர் நம்பியடிகள், துறவுக்கு முன் இராணுவத்தில் வானொலி பழுது பார்த்தவர். கரியடுப்பில் ஈயம் பற்றவைக்கும் கோலைக் காய்ச்சிக்கொண்டு, கேபிள் செய்ய அமர்ந்தார். அது முடியும்வரை கைக்கொரு கருவியாகப் பிடித்துச் செய்தி மாற்றித் தரும் பொறுப்பு, சீடர் திருவம்பலத்துடையது. குருவைவிட வயதில் மூத்தவர். மேடைதோறும் புராணம் விரித்துரைத்துப் பொன்னாடை பெற்றவர்.

கிழக்கிலிருந்து மாசானம் என்பவன் அலறினான்.

"சாமி, எம் பொண்டாட்டிக்கு வலி கண்டு, பிள்ளைக்குக் காலு முதல்ல வந்துட்டு! பிடிச்சு இழுக்கவான்னு எங்காத்தா கேக்கா!"

திருவம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டு மேற்குக் கருவியில் பேசினார்.

"மருத்துவ அம்மையீர், வணக்கம். ஒரு மாதரசிக்கு மகப்பேற்றில் சிறிது இடர்ப்பாடு."

"என்ன இடர்ப்பாடு? புரியற மாதிரி சொல்லுங்க."

அடுப்படியிலிருந்து அடிகள் கத்தினார். "அவன் சொன்னதை அப்படியே சொல்லும் ஐயா!"

"அது நாகரிகமாக இராது சுவாமி. ஒரு பெண்மணியிடம் போய்…"

"பேறு பார்ப்பதே அந்தப் பெண்மணியின் தொழில்!"

"ஐயா, கேக்குதா? தலை தெரியுதா, காலா?" என்றார் மருத்துவர்.

திருவம்பலம் கூசிக்கொண்டே, "திருவடி," என்றார்.

"ஐயோ! இழுத்துடப் போறாங்க. யாரும் கையை வைக்கக் கூடாது, தானா இறங்கட்டும்னு சொல்லுங்க. சீக்கிரம்!"

பதறுகிறவனிடம் பதறிய சொல்லையே கொண்டு சேர்ப்பதா? திருவம்பலம் அதைக் கனிவாக்கினார்.

"மாசானம், பொறுமையே துணை என்கிறார் மருத்துவர்."

"பொறுமையா இழுக்கச் சொல்லுதாங்களா? ஆத்தா, மெதுவா இழுக்கணுமாம்!"

"விலகும்!" என்று பாய்ந்தார் அடிகள். ஈயம் ஆறவில்லை, விரல் சுட்டது. கேபிளின் ஒரு முனையை ஒரு கருவியிலும் மறுமுனையை மற்றதிலும் சொருகினார். மேற்குக் கருவியில், "கிழக்கோடு நேரே பேசுங்கள்!" என்றார்.

மருத்துவரின் குரல் மலையைத் தாண்டியது.

"இழுக்காதீங்க! யாராயிருந்தாலும் கையை எடுங்க!"

"எடுத்துட்டா, எடுத்துட்டா!"

அதன்பின் அவர்களுக்குள்தான் பேச்சு. "இடுப்பு வந்துட்டும்மா." "தொடாதீங்க. துணி மட்டும் சுத்துங்க." "தோள் வந்துட்டு." "இப்போ நான் சொல்றபடி மட்டும் செய்யுங்க." சிறிது நேரம் கருவியில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டழுதது, மேற்கு அடிவாரம் வரைக்கும்.

அடிகள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். திருவம்பலத்தின் முகம் மட்டும் தெளியவில்லை.

"குழந்தை பிழைத்ததில் மகிழ்ச்சி, சுவாமி. ஆனாலும் மனம் பொறுக்கவில்லை, கேட்டுவிடுகிறேன். அடியேன் ஒருவன் இங்கே இருக்கையில் இந்தக் கேபிள் எதற்கு?"

அடிகள் வெந்த விரலை ஊதிக்கொண்டார்.

"நீர் இருப்பதால்தான்."