கஞ்சிக்கு முன் சொல்லும் பெயர்கள்

பனிமலைக்கு அப்பால் ஒரு நாடு. மழையில் மலை சரிந்து பாதை மூடிக்கொண்டதால், நல்லமங்கை அம்மையாரும் அவருடைய சீடர் செங்கோடனும் நாலே வீடுகள் உள்ள ஓர் ஊரில் தங்க நேர்ந்தது. தாவா என்ற விவசாயி தன் வீட்டில் இடம் கொடுத்தார்.

செங்கோடனுக்குக் கடும் காய்ச்சல். ஆறு நாள் நினைவே சரியாக இல்லை. யாரோ கம்பளி போர்த்தினார்கள். யாரோ கசப்பாக எதையோ புகட்டினார்கள். ஏழாம் நாள்தான் எழுந்து உட்கார்ந்தார்.

கஞ்சி வந்தது. தாவா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அவர் முடிக்கும்வரை ஒருவரும் சாப்பிடவில்லை.

"எந்தச் சாமியைக் கும்பிடுகிறார், அம்மா?"

"சாமி இல்லை. இந்தக் கஞ்சிக்காகப் பாடுபட்டவர்களின் பெயர்கள். விதைத்தவர், உப்பு சுமந்து வந்தவள், விறகு பிளந்தவன்."

நாலு நாளில் பாதை திறந்தது. புறப்படும் காலையில் கஞ்சி வந்ததும் தாவா செங்கோடனைப் பார்த்துக் கைகாட்டினார். இன்று விருந்தாளி சொல்ல வேண்டும்.

"தாவா" என்றார் செங்கோடன். அதற்கு மேல் ஒரு பெயரும் வரவில்லை.

"அம்மா, எல்லாருக்கும் நன்றி என்று பொதுவாகச் சொல்லிவிடட்டுமா?"

"'எல்லாரும்' என்று ஓர் ஆளா உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது?"

செங்கோடன் எழுந்து வெளியே போனார். தெரிந்த அரைகுறைச் சொற்களை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டார். கம்பளி பேமாவுடையது, அதைக் கொடுத்துவிட்டு அவள் கோணியைப் போர்த்திப் படுத்திருக்கிறாள். மருந்து வேருக்காக, சரிந்துகிடந்த மலைமேல் தவழ்ந்து போனவள் லாமோ. அவளிடம் பெயர் கேட்டபோது அவள் சிரித்துவிட்டாள். அவர் பெயர் அவளுக்கு எப்போதோ தெரியும். "செங்கோடன் கண் திறந்தாரா?" என்றுதான் ஆறு நாளும் நாலு வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

அவர் திரும்பி வந்தபோது கஞ்சி ஆறிப்போயிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். செங்கோடன் ஒன்பது பெயர்களைச் சொன்னார். தாவா தலையசைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தார்.

மலைப்பாதையில் நடக்கும்போது செங்கோடன் சொன்னார்: "இவர்களைச் சாகும்வரை மறக்க மாட்டேன், அம்மா."

"நல்லது" என்றார் அம்மையார். "ஐம்பது வருஷம் நம் ஊரில் சாப்பிட்டாயே. அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வா. வழி நீளம்தான்."

செங்கோடன் வாயைத் திறந்தார். முதல் பெயர் வருவதற்குள் ஒரு மலையைத் தாண்டிவிட்டிருந்தார்கள்.