கொலுமண்டபத்துக்கு வந்த காய்ச்சல்

முன்னொரு காலத்தில், பேர் சொல்லாவிட்டாலும் குறைந்துபோகாத ஒரு நாட்டை அனந்தகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். ஊருக்கெல்லாம் ஒரே பந்தி போட்டு, தன் கையாலேயே பரிமாற வேண்டும் என்று அவருக்கு ஒரு நாள் ஆசை வந்தது. நெசவாளர் தெருவில் விஷக்காய்ச்சல் கண்டு சிலர் இறந்துபோயிருந்த சமயம் அது.

சபை விகடன் தாண்டவன் எழுந்து, "பந்தியைச் சற்றுத் தள்ளிவைக்கலாம், அரசே. கூட்டம் கூடினால் காய்ச்சல் ஊர் முழுக்கப் பரவும்" என்றான்.

தளவாய் கொண்டல்ராயருக்கு அவன்மேல் வெகுநாள் புகைச்சல். "கோட்டை வாசலெல்லாம் என் காவல், மகாராஜா. எனக்குத் தெரியாமல் காய்ச்சல் எப்படி நுழையும்? தாண்டவன் நேரில் பார்த்தவன்போலப் பேசுகிறான். காய்ச்சலைச் சபைக்கே கூட்டிவந்து, அது நடக்கும் விதத்தைக் காட்டட்டும்" என்றார்.

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "நாளை உச்சிவேளைக்குள் காட்டு. இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போய்விடு."

"உத்தரவு" என்றான் தாண்டவன்.

மறுநாள் காலை கோட்டை வாசலில் தளவாயின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "என்மேல் கோபம் வேண்டாம்" என்றான். அதன்பின் சபையில் ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றவன் யாரையும் தொடவில்லை.

சபை வழக்கம்போல் நடந்தது. தளவாய் வெற்றிலை மடித்து மந்திரிக்குக் கொடுத்தார். மந்திரி, வயதான புரோகிதரைக் கைதாங்கி உட்காரவைத்தார். பிறகு புதிதாக வந்த வாளை எடுத்து ராஜாவிடம் நீட்டினார். ராஜா வாங்கிப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"மடப்பள்ளியில் இன்று ரசம் மணக்கிறது" என்றார். மற்றவர்களுக்கும் அப்படித்தான் பட்டது.

உச்சிவேளையில் தாதி கைக்குழந்தையான இளவரசனைத் தூக்கி வந்தாள். ராஜா கையை நீட்டினார். தாண்டவன் குறுக்கே வந்து நின்றான்.

"தொட வேண்டாம், அரசே. காய்ச்சல் வந்துவிட்டது. தங்கள் கையை முகர்ந்து பாருங்கள்."

ராஜாவின் கையில் பெருங்காய நெடி. மந்திரி கையிலும், புரோகிதர் கையிலும் அதே நெடி. மந்திரியோடு மனஸ்தாபப்பட்டுத் தனியே உட்கார்ந்திருந்த சேனைக் கணக்கர் கை மட்டும் சுத்தமாக இருந்தது.

"பெருங்காயத்தை எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டு வந்தேன். நான் தொட்டது தளவாயை மட்டும். மிச்சப் பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்களேதான். நோய்க்குக் கால் கிடையாது, அரசே. அது நம் கையால் நடக்கிறது."

"வாசனையும் காய்ச்சலும் ஒன்றா?" என்றார் தளவாய்.

"இல்லை, ஐயா. வாசனை உடனே மூக்குக்குத் தெரிகிறது. காய்ச்சல் ஆள் படுத்த பிறகுதான் தெரியும்."

ராஜா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பந்தியை நிறுத்தச் சொன்னார். நெசவாளர் தெருவில் வீட்டுக்கு வீடு கஞ்சியும் மருந்தும் வாசலில் வைத்துவிட்டு வர ஆள் அனுப்பினார். காய்ச்சல் அந்தத் தெருவைத் தாண்டாமலே தணிந்தது. அது பின்னால் நடந்த கதை.

அன்றைக்கு, கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற தளவாயைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காவல் பலமானதுதான். கைபிடித்தல்லவா உள்ளே அழைத்துவந்திருக்கிறீர்" என்று சிரித்தபடி, விரலிலிருந்த வைர மோதிரத்தைக் கழற்றித் தாண்டவனிடம் நீட்டினார்.

தாண்டவன் இரண்டடி பின்வாங்கினான்.

"வெந்நீரில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், மகாராஜா."