சடைநாய்க்கு வாய் நீண்ட கதை

அந்தக் காலத்தில் நாயும் எலியும் மனிதர்களோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தன. சடைநாய் மட்டும் அதிகம் பேசாது. முழங்கால் உயரம்கூட இல்லாத நாய், முகமெல்லாம் முடி. பொன்னுருவி என்ற குடியானவள் அதை வளர்த்தாள்.

ஒரு வருஷம் நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். பொன்னுருவி தானியக் குதிரைத் திறந்து பார்த்தால், விதைக் கேழ்வரகில் பாதியைக் காணோம். குதிருக்கு அடியில் பெருச்சாளி வளை! மீதியும் போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. தோண்டலாம் என்றால் குதிரே சாய்ந்துவிடும்.

தான் வளர்த்த இன்னொரு நாயான வேட்டைநாயைக் கூப்பிட்டாள். அது வளையில் மூக்கை வைத்துப் பார்த்தது. தலை நுழையவில்லை.

"நான் மான் பிடிக்கிறவன். எலி பிடிக்கவா என்னை வளர்த்தே?" என்று போய்ப் படுத்துக்கொண்டது.

"நான் போறேன் ஆத்தா," என்றது சடைநாய்.

"நீயா? உள்ளே மாட்டிக்கிட்டா நான் என்னடா பண்ணுவேன்?"

"வாலைப் பிடிச்சு இழு."

உள்ளே போய்ப் பெருச்சாளியின் கழுத்தைக் கவ்வியது. பெருச்சாளி பெரிய வாயாடி. நாய் வாயைத் திறந்தால்தான் தனக்குப் பிழைப்பு என்று அதற்குத் தெரியும்.

"யாரது, நாயா? அடுப்பு துடைக்கிற துணின்னு நினைச்சேன்."

சடைநாய் பேசவில்லை.

"பாதிக் காலை யாருக்குக் கொடுத்துட்டு வந்தே?"

பேசவில்லை.

"நீ பூனைக்குப் பிறந்தவனாமே, வேட்டைநாய் சொன்னான். இல்லைன்னா இல்லைன்னு சொல்லேன்!"

சடைநாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. நல்ல பதில் ஒன்று நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுப் பல்லை இன்னும் இறுக்கியது.

"விதை போனாப் போகுது, வந்துடுடா!" என்று வெளியே பொன்னுருவி அழுதாள். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். வால் அகப்பட்டது. பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். நாய் வந்தது. நாயோடு செத்த பெருச்சாளியும் வந்தது.

மறுபடி உள்ளே போய், ஒளித்து வைத்திருந்த விதையை எல்லாம் சடைநாயே முன்காலால் வாரித் தள்ளியது. அன்றைக்கே விதைத்து முடித்தார்கள்.

அதன் முடியெல்லாம் மண்ணும் சிக்குமாக இருந்தது. பொன்னுருவி நாயை மடியில் போட்டு, தன் மரச்சீப்பை எடுத்துச் சீவினாள். "என்ன வேணும், கேளுடா."

"தினமும் இப்படிச் சீவி விடு ஆத்தா. இனி என் வாயை அடக்காதே. உள்ளே நிறைய சேர்ந்துபோச்சு."

சொல்லிவிட்டு நேராக வேட்டைநாயிடம் போய் நின்றது.

அன்று முதல்தான் சடைநாய்க்குத் தினமும் சீப்பு கட்டாயமாயிற்று. ஒருநாள் விட்டாலும் சிக்கு விழுந்து தோல் புண்ணாகிவிடும். எவ்வளவு பெரிய நாய் வந்தாலும் எதிரே நின்று அது ஓயாமல் குரைப்பதும் அன்று முதல்தான். வளைக்குள் விழுங்கிய பதில்களை அது இன்னும் சொல்லி முடிக்கவில்லை.