சாட்சிக்கட்டை

உப்பளங்களுக்கு நடுவே, யாரும் பயன்படுத்தாத பழைய ஓடுபாதை ஒன்றின் ஓரத்தில் எஸ்தரின் கொட்டகை இருந்தது. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஆள் உட்காரும் சின்ன மர விமானங்களை அங்கே கட்டினார்கள். எஸ்தருக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த இன்னாசிக்கு அறுபது. கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

மூன்று வருஷ உழைப்பில் இன்னாசியின் விமானம் முடிந்தது. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி, மஞ்சள் சாயமும் பூசியாகிவிட்டது. பறக்க வேண்டிய காலையில் அவர் அதன் பக்கத்திலேயே போகவில்லை.

“என்ன அண்ணாச்சி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி தள்ளியே நிக்கிறீய?”

“பயமா இருக்கு டீச்சர். இந்தப் பயம் போறதுக்கு என்ன வழி?”

“சாட்சிக்கட்டைப் பெட்டியை எடுத்துட்டு வாங்க” என்றாள் எஸ்தர்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம். பசை கலக்கும் ஒவ்வொரு நாளும், விமானத்தில் ஒட்டுகிற அதே பசையில் மரத்துண்டுகளையும் ஒட்டி, இரண்டு சாட்சிக்கட்டைகள் செய்து தேதி எழுத வேண்டும். ஒன்றை மறுநாள் கட்டுகிறவர் உடைத்துப் பார்ப்பார். மற்றதைப் பறக்கும் நாளில் டீச்சர் உடைப்பாள். மரம் பிய்ந்துகொண்டு உடைந்தால் பசை நல்லது. ஒட்டிய இடம் சுத்தமாகப் பிரிந்து வந்தால், அன்று ஒட்டிய எதையும் நம்பக்கூடாது.

எஸ்தர் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பாதியை மேசையில் இறுக்கி, சுத்தியலால் ஓர் அடி. சடக். பிய்ந்த மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்தது. சடக்.

ஒவ்வொரு அடிக்கும் இன்னாசியின் தோள் குலுங்கியது.

“அக்டோபர் பதினேழு” என்று படித்தாள் எஸ்தர்.

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சடக். நார் நாராக மரம் பிய்ந்து வந்தது.

பிய்ந்துதான் வரும். அது பதினேழாம் தேதிப் பசையே இல்லை. அன்று மழை, ஈரக்காற்று. மறுநாள் உடைத்த கட்டை சுத்தமாகப் பிரிந்துவிட்டது. இடது இறக்கையைத் தாங்கும் உத்திரத்தை அன்றுதான் அவர் ஒட்டியிருந்தார். பிரித்தால் நாலு மாத வேலை வீண். அன்றைய மற்றக் கட்டையை எடுத்து எறிந்துவிட்டு, நல்ல வெயில் நாள் ஒன்றில் வேறு கட்டை ஒட்டி, பதினேழு என்று எழுதிப் பெட்டியில் போட்டார். உத்திரம் எப்படியும் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடைசிக் கட்டையும் உடைந்தது.

“ஒண்ணுலகூடப் பழுதில்ல” என்றாள் எஸ்தர். “அப்பவும் பயம்னா, முதல் சுத்து நான் போயிட்டு வாரேன். அதைப் பார்த்துட்டு நீங்க ஏறுங்க.”

அவர் வாயைத் திறப்பதற்குள் ஹெல்மெட்டை மாட்டி, உள்ளே இறங்கி, பெல்ட்டை இறுக்கிவிட்டாள்.

“காற்றாடியைச் சுத்தி விடுங்க அண்ணாச்சி!”

இன்னாசி விமானத்தின் முன்னால் போய் நின்றார். காற்றாடியின் மர இறகை இரண்டு கையாலும் பிடித்தார். ஒரே ஒரு இழுப்பு, இஞ்சின் பிடித்துக்கொள்ளும். அவர் இழுக்கவில்லை.

“சுத்துங்க! என்ன, ஜெபமாலை சொல்றீயளா?”

“இறங்குங்க டீச்சர்.”

“என்னது?”

“பதினேழாம் தேதிக் கட்டை... அது பொய். இறங்கிருங்க.”

சுவிட்ச் அணைந்தது. எஸ்தர் இறங்கி வந்தாள். கத்தியையும் உளியையும் அவர் கையில் கொடுத்தாள்.

இன்னாசி இடது இறக்கையின் மஞ்சள் துணியைக் கிழித்தார். உத்திரத்தின் இணைப்பில் உளி முனையை வைத்து லேசாக அழுத்தினார். சத்தமே இல்லை. இரண்டு மரங்களும் தனித்தனியாக விலகின. உள்பக்கம் கழுவிய தட்டு மாதிரி பளபளத்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கட்டையை உடைச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்னைச் சோதிக்கத்தானே டீச்சர் ஏறி உக்காந்தீய?”

எஸ்தர் ஹெல்மெட்டின் வாரை அவிழ்க்கப் பார்த்தாள். மூன்று தடவையும் விரல் வாரைவிட்டு வழுக்கியது.

“இல்ல அண்ணாச்சி” என்றாள். “கட்டையை நம்பித்தான் ஏறினேன்.”