பெயர்ப் பலகையில் ஒரு குறி

"என் ரத்தமில்லாத பெண்ணுக்கு என் இனிஷியலை எப்படிம்மா கொடுப்பேன்?"

கேட்டவர் நாகலிங்க வாத்தியார். நாற்பது வருஷம் நோட்டுத் திருத்திய கை. மனைவி இறந்தபின் மலை ஆசிரமத்துக்குத் தொண்டு செய்ய வந்தவர்.

குரு சிவகாமவல்லி அவரைவிட இருபது வயது சின்னவர்.

"பெண் யாரு?"

"என் மனைவியோட முதல் கல்யாணத்துப் பொண்ணு. பூங்கோதை. நாலு வயசுலேர்ந்து நான்தான் வளர்த்தேன்."

"உங்களை எப்படிக் கூப்பிடுவா?"

"சார்னு. நான்தான் அப்படிப் பழக்கினேன்."

வாத்தியார் தொடர்ந்தார்.

"தன் கல்யாணப் பத்திரிகையோட மாதிரிப் பிரதியைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தா. 'நா. பூங்கோதை'ன்னு போட்டிருந்தா. அந்த 'நா' மேல பெருசா ஒரு தப்புக் குறி போட்டு, காலை பஸ்ல கொடுத்தனுப்பிட்டேன். சாயங்காலம் அச்சுக்குப் போகுது. செஞ்சது சரிதானேம்மா?"

குரு தோட்டத்துப் பக்கம் கை காட்டினார்.

"பாறை ரோஜாச் செடியோட பெயர்ப் பலகை மங்கிப்போச்சு. உங்க கையெழுத்து முத்து மாதிரி இருக்குமே, புதுசா எழுதிக் கொண்டாங்க."

வாத்தியார் போனார். பாறை இடுக்கில் இடுப்பளவு புதர். ரோஸ் நிறப் பூக்கள், ஒவ்வோர் இதழின் அடியிலும் கருஞ்சிவப்பாய் ஒரு பொட்டு.

பலகையில் இரண்டு பெயர்கள், நடுவில் ஒரு ×. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அரைமணியில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

குரு பலகையைப் பார்த்தார்.

"ஒரு பெயர்தான் இருக்கு?"

"ரெண்டாவது தப்பும்மா. அதுக்கு முன்னாடி யாரோ அடிச்சு வச்சிருந்தாங்க."

"அடிக்கலை. இது மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. ரெண்டு இனம் சேர்ந்து பிறந்தது. அப்படிப் பிறந்த செடிக்கு ரெண்டு பெயரையும் எழுதி, நடுவுல அந்தக் குறியைப் போடுவாங்க."

"அடடா! நான் தப்புன்னுல்ல நினைச்சேன்!"

"கணக்குப் பாடமும் எடுத்தவர்தானே நீங்க?"

"ஆமா."

"கணக்குல அந்தக் குறிக்கு என்ன பேரு, வாத்தியாரே?"

வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பெருக்கல்" என்றார் கடைசியில்.

குரு பலகையைத் திருப்பி நீட்டினார். அவர் வாங்கவில்லை. ஆபீஸ் அறைக்கு ஓடினார். அறுபத்தாறு வயசுக்கு அது ஓட்டம்தான்.

போன் நான்கு முறை அடித்தது.

"ஹலோ, யாரு?"

"பூங்கோதை, நான் திருத்தினபடி பத்திரிகையை அச்சடிக்கச் சொல்லிடாதேம்மா. அந்த 'நா' அப்படியே இருக்கட்டும்."

"யாரு... சார்தானா?"

"அப்பா பேசுறேன்."